பக்கத்து வீட்டுப் பையன்

உதயகுமாருக்கு ஒரு சந்தேகம் வந்தால் தன் மூளையைக் கேட்கக் கூடாது. அக்காவையோ அம்மாவையோ கேட்க வேண்டும். இது டாக்டர் போட்ட சட்டம்.

பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அந்த மூளை அவனை நன்றாகவே ஏமாற்றியிருந்தது. பூந்தமல்லியில் மெட்ரோ தூண்மேல் வேலை செய்கிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுவதாக நம்பி, கீழே நின்று கல்லெடுத்து அடித்தான். அப்புறம் ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை. குரல்கள் அடங்கின. மனிதர்களின் முகம்தான் பிடிபடாமலே போயிற்று. எதிரில் இருப்பவர் சிரித்தால் அது பிரியமா நக்கலா, சொல்வது விளையாட்டா நிஜமா, அவனுக்குத் தெரியாது.

“அம்மாவோ அக்காவோ இல்லன்னு சொன்னா இல்ல. ஆமான்னா ஆமா. அதுக்கு மேல யோசிக்காதே,” என்றார் டாக்டர். அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் அவன் மேலே ஏறி வந்தான்.

கரையான்சாவடியில் ஒரு வாட்டர் கேன் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. கேனைக் கழுவி, மூடி போட்டு, வண்டியில் ஏற்ற வேண்டும். கூட இருந்த பையன்களுக்கு அவன் நல்ல பொழுதுபோக்கு. “மாமே, ஓனர் உன்னைத் தூக்கிட்டாரு, நாளைலேர்ந்து வராதே,” என்பார்கள். அவன் உடனே வீட்டுக்குப் போன் போடுவான். “சும்மா கலாய்க்கிறானுங்கடா, போய் வேலையப் பாரு,” என்பாள் அக்கா தீபிகா. போய்ப் பார்ப்பான். அம்பத்தூரில் ஆபீஸ் வேலையில் இருந்த அவள், எந்த நேரத்திலும் தம்பியின் போனை எடுக்காமல் விட்டதில்லை. அதற்காக அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம், மிச்சக் கதை தெரியாதவரை.

தீபிகாவுக்கு ஆவடியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வெற்றிச்செல்வன், நல்ல வேலை, நல்ல குடும்பம். அம்மா பொன்னியம்மா உடனே சொந்தக்காரர்களைக் கூப்பிட்டாள். இதற்கு முன் வந்த இரண்டு இடமும் உதயகுமாரைப் பார்த்ததும் கழன்றுகொண்டவை. பெண்ணுக்கும் அந்த வியாதி இருக்குமோ என்று கேட்டே விட்டார்கள். சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். மாமா பையன் ராகேஷ் தம்பியாக நிற்பது, உதயகுமார் பக்கத்து வீட்டுப் பையனாவது என்று முடிவாயிற்று. ஒரு சின்ன விஷயத்தில்கூட ஒத்துப்போகாத கூட்டம் இதில் ஒரே குரலில் தலையாட்டியது.

“இன்னிக்கு மட்டும்டா. என்னை ஆன்ட்டின்னு கூப்புடு,” என்றாள் பொன்னியம்மா, பெண் பார்க்க வந்த அன்று.

அவன் பிசகாமல் செய்தான். காபி கொடுத்தான், “ஆன்ட்டி, சர்க்கரை போதுமா?” என்றான். இன்றைக்கு மட்டும் என்று அம்மா சொன்னால் இன்றைக்கு மட்டும்தான். அதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் போனதும் எல்லோரும் அவன் முதுகைத் தட்டிச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

கல்யாணம் நெருங்கியபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போக வேண்டும். மச்சானுக்கு உள்ள மரியாதை அது.

“அக்கா, மாலை நான்தானே போடணும்?”

தீபிகா போனில் யாருக்கோ பத்திரிகை அனுப்பிக்கொண்டிருந்தாள். “ஆமாடா, ஆமா,” என்றாள். அவன் வாயை அடைக்கச் சொன்னது. அந்தப் பத்திரிகையில் தம்பி என்று இருந்ததே ராகேஷின் பெயர்தான்.

முகூர்த்தத்தன்று அவனைச் சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க நிறுத்தியிருந்தார்கள். நாதஸ்வரம் கேட்டதும் அவன் கையைத் துடைத்துக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, புதுச் சட்டையைச் சரிசெய்துகொண்டு நேராக முன்னால் வந்தான். மாப்பிள்ளை எதிரில் ராகேஷ் மாலையோடு நின்றிருந்தான்.

“குடு ராகேஷு. நான்தான் போடணும்,” என்று மாலையைப் பிடித்தான் உதயகுமார்.

“டேய், போடா அந்தாண்ட!” ராகேஷ் பல்லைக் கடித்தான். மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. வெற்றிச்செல்வன், “யாரு இவுரு? அன்னிக்குக் காபி குடுத்தாரே?” என்றான்.

“நான் தீபிகாவோட தம்பி. உங்க மச்சான்.”

கூட்டம் எழுந்து எட்டிப் பார்த்தது. உதயகுமார் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பார்த்தும் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். டாக்டர் போட்ட சட்டப்படி, மணப்பெண் அறை வாசலில் நின்ற அக்கா பக்கம் திரும்பிக் கேட்டான்: “அக்கா, நான் உன் தம்பிதானே?”

தீபிகா குனிந்து தன் வளையல்களை ஒழுங்குபடுத்தினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. அவன் அம்மாவிடம் போனான்.

“அம்மா, நான் உன் புள்ளதானே? சொல்லும்மா.”

மாப்பிள்ளையின் தாய் பொன்னியம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

“இல்லப்பா,” என்றாள் பொன்னியம்மா. சம்பந்தியம்மா பக்கம் திரும்பினாள். “பக்கத்து ஊட்டுப் புள்ள சம்பந்தி. கொஞ்சம் மனசு சரியில்ல. எல்லாரையும் அம்மான்னுகினு கீது, பாவம்.”

பெற்ற வாய் அப்படிச் சொன்னது. வெற்றிச்செல்வன் நல்லவன், உதயகுமார் தோளைத் தொட்டு, “பரவால்ல தம்பி, போட்டோவுல வந்து நில்லு,” என்றான். உதயகுமார் நிற்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குத் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து பாட்டில் வைத்தான். தாலி கட்டினார்கள்.

மறுநாள் காலையிலேயே பொன்னியம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அது சும்மா சொன்னதுடா நைனா. நீ என் வயித்துல பொறந்தவன்டா.” அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். ஆனால் வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. தானாகவே, டாக்டரிடம் போக வேண்டும் என்றான்.

டாக்டர் அறையில், பொன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவனே ஆரம்பித்தான்.

“புதுசா ஒரு நெனப்பு வந்துகினே கீது டாக்டர். எனக்கு ஒரு அக்கா கீறான்னு. இவங்க என் அம்மான்னு. தள்ளுனாலும் போமாட்டேங்குது. மண்டபத்துல எல்லார் முன்னாடியும் கேட்டேன், இல்லன்னாங்க. ஊட்டுல தனியா கேட்டா, பாவம் பார்த்து ஆமான்றாங்க. எத நம்புறது? மாத்திரைய ஏத்திடுங்க டாக்டர்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொன்னியம்மாவைப் பார்த்தார். “இவன் யாரும்மா உங்களுக்கு? இவன் முன்னாடியே சொல்லுங்க.”

பொன்னியம்மா வாயைத் திறந்தாள். திறந்தவள், பாதி சாத்தியிருந்த கதவுப் பக்கம் திரும்பி, வெளியே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்தாள்.