உதை அல்ல, ஜட்கா

வாசகரே, நீங்களே சாட்சி: அச்சத்தின் பெயரை மாற்றி அச்சத்தை வென்ற ஒருத்தியை நான் கண்டேன்.

கல்லூரி மாணவர் படையின் சுடுதளத்தில், எனக்கு அடுத்த விரிப்பில் துப்பாக்கியோடு படுத்திருந்தாள். மும்பை தாராவிக்காரி, ஒல்லியான தோள், புருவத்தில் பழைய தழும்பு. விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடித் துப்பாக்கியை முன்னே தள்ளிவிடுவாள். கடைசித் தோட்டாவும் தவறினால் துப்பாக்கி சுடும் அணியில் அவளுக்கு இடமில்லை.

“பட்டாசுக்கே காதப் பொத்துறவ!” என்று பின்னால் சிலர் சிரித்தார்கள்.

“சுட்டதும் துப்பாக்கி உதைக்கும், கவனம்!” என்றேன் நான், மேடைக் குரலில்.

“ஏல, அந்த வார்த்தையச் சொல்லாத,” என்றாள் அவள். “ எங்க சந்துல உதை வருதுன்னா நாம முந்திக்கிடணும். அதான் கை தானா முன்னால தள்ளுது. ஜட்கான்னு சொல்லு. லோக்கல் ரயில் கெளம்பயில ஒரு குலுக்கு குடுக்குமே, அது. அத எவனாவது எதுத்துத் தள்ளுவானா? ஒடம்பு அதுபாட்டுக்கு வாங்கிக்கிடும்.”

“ஜட்கா வரும்,” என்றேன் பணிவோடு.

துப்பாக்கிக் கட்டையைத் தோளோடு இறுக அணைத்து, விசையை மெல்ல அழுத்தினாள். வெடித்தது. தோள் அசைந்தது, இமை அசையவில்லை. இலக்கின் நடுவட்டத்தில் துளை விழுந்திருந்தது.

சொல்லின் வலிமையைப் பற்றி நான் எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறேன். அதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அவள் எழுந்தாள். சிரித்தவர்கள் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்:

“இனிமே எவன் உதைச்சாலும் கண்ண மூட மாட்டேன்!”