கண்டக்டர் மாமா டிக்கெட் எடுத்த கதை

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். எனக்கு மட்டுமல்ல, தெருவுக்கே அவர் கண்டக்டர் மாமாதான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்த மனிதருக்கு உட்காரத் தெரியாது. ஃபிரிட்ஜில் ஒரு தோளைச் சாய்த்து, கால்களை அகட்டி வைத்து, நின்றபடியேதான் டி.வி. பார்ப்பார். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றே சாப்பிடுவார். வீடு எந்த நேரம் பிரேக் போடுமோ என்று காத்திருக்கிறவர் மாதிரி இருக்கும். விருந்தாளிகள் வாசலில் தயங்கினால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு பாருங்க" என்பார். நல்ல மனுஷர். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அக்கா தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். அவர்கள் கல்யாணமே பஸ்ஸில் ஆரம்பித்தது. அப்போது அவள் தினமும் அவருடைய பஸ்ஸில்தான் வேலைக்குப் போவாள். இவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், அவர் கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பார். கம்பெனி நிறுத்தத்தில் மட்டும் பஸ் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும், விசில் வராது. விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது டிரைவர்தான்.

கல்யாணத்துக்கு அப்புறமும் அதே கதைதான். எங்கே போனாலும் அவருடைய பஸ்ஸிலேயே, அவருடைய டியூட்டியிலேயே போவார்கள். வேறு பஸ்ஸில் ஏறினாலும் லாபமில்லை. கூட்டம் ஏறியதும் எழுந்து போய், முன்பின் தெரியாத கண்டக்டருக்கு உதவி செய்ய ஆரம்பித்துவிடுவார். இத்தனை வருஷத்தில் அக்கா பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். கட்டின புருஷன் மட்டும் உட்கார்ந்ததில்லை.

இந்த வருஷம் மாமாவுக்குச் சேர்ந்தாற்போல் சில நாள் லீவு கிடைத்தது. தலைநகரத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்று முடிவானது. அக்கா குடும்பத்தில் நாலு பேர், நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பேர். அக்கா மகள் கல்லூரிக்காரி, செல்போனும் கையுமாக அரண்மனை, மணிக்கூண்டு, மியூசியம் என்று அடுக்கினாள். தம்பிக்காரன் மிருகக்காட்சி சாலை போகாவிட்டால் வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டான். என் வீட்டுக்காரருக்கு ஜெனரேட்டர் என்று பெயர். எலெக்ட்ரீஷியன் என்பதால் வந்த பெயரில்லை, குறட்டையால் வந்தது. "எங்க கூட்டிட்டுப் போனாலும் சரி, நடுவுல எழுப்பாம இருந்தா போதும்" என்றார் அவர்.

"உனக்கு என்னக்கா பாக்கணும்?" என்று கேட்டேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, திரும்பாமலேயே பதில் சொன்னாள்.

"எனக்கு அரண்மனையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்டி. போற வழி பூரா அந்த மனுஷன் எம்பக்கத்துல உக்காந்து வரணும். அது போதும்."

"இத அவர்கிட்ட சொன்னியா?"

"சொல்லித்தான் தெரியணுமா?"

இங்கேதான் என் அக்கா தப்புப் பண்ணினாள் என்பேன். ஆம்பளைகளுக்குச் சொல்லித்தான் தெரியும். சில சமயம் சொன்னாலும் தெரியாது.

டிக்கெட் பொறுப்பு முழுக்க மாமாவுடையது. அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. விரைவுப் பேருந்தில் முன்பதிவு செய்துவிட்டு வந்து, கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பஸ்ஸையே கட்டிவிட்டார்.

"சக்கரத்துக்கு மேல இருக்கற சீட்டு தூக்கித் தூக்கிப் போடும், அத எடுக்கல. காலைல வெயில் வலது பக்கம் அடிக்கும், அதனால எல்லாருக்கும் இடது பக்கந்தான். பிள்ளைங்க முன்னாடி. சகலை, நீங்க இங்க, தனி சீட்டு. எவ்வளவு வேணாலும் சாஞ்சு தூங்குங்க. அக்காவும் தங்கச்சியும் இங்க, ஜோடியா. ஜன்னல் உங்கக்காவுக்கு."

எங்களை உட்கார வைத்து ஒத்திகையே நடத்தினார். பிள்ளைகள் கத்த, ஜெனரேட்டர் நிஜமாகவே கண்ணை மூட, வீடே குலுங்கியது. மாமா நடுவில் கதவு நிலையைப் பிடித்து நின்றுகொண்டு, பெருமையாக "ரைட்!" என்றார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலிகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க எங்க உக்காருவீங்க?"

மாமா ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தார். பிறகு நின்ற இடத்தையே குனிந்து பார்த்தார். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம். எல்லோருக்கும் இடம் பார்த்துப் பார்த்துப் பிடித்தவர், தனக்கு டிக்கெட்டே எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் டிக்கெட் கொடுத்தவருக்கு, பஸ்ஸில் தனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றவே இல்லை. வேறு எந்தத் தொழில்காரனும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது.

உடனே செல்போனில் பார்த்தோம். லீவு சீசன். அந்த பஸ்ஸும் நிரம்பிவிட்டது, மற்றவையும் நிரம்பிவிட்டன.

"அதனால என்ன, நான் நின்னுக்கிட்டே வந்துடறேன். எனக்குப் பழக்கந்தான" என்றார் மாமா.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது என்றால் இதுதான். அக்கா எழுந்தாள். உள்ளே போய், பெட்டியில் அடுக்கி வைத்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திருப்பி வைக்க ஆரம்பித்தாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்குப் பயமிருந்திருக்காது.

எனக்கோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "மாமா, உங்களுக்குக் கொஞ்சமாவது மண்டைல ஏதாவது இருக்கா? அவ தலைநகரத்தப் பாக்கவா கெளம்பினா? ஒரே ஒரு தடவ நீங்க பஸ்ல அவ பக்கத்துல உக்காந்து வரணுங்கறதுக்காகக் கெளம்பினா. நீங்க என்னடான்னா அங்க என்னையக் கொண்டுபோய் உக்கார வெச்சிருக்கீங்க!"

மாமா வாசலுக்கு நடந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் பஸ் நிலையத்துக்குத்தான் போனார். திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. விரைவுப் பேருந்து டிரைவர் பழைய சிநேகிதராம். தன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுத் தருகிறேன் என்றாராம்.

"அப்ப டிரைவர் பக்கத்துல உக்காந்து போங்க" என்றாள் அக்கா உள்ளிருந்து.

மாமா கூடத்தில் அப்படியே நின்றார். நாற்காலிகளை இன்னும் யாரும் எடுத்து வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, அக்காவுக்கு என்று போட்ட நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தன் வீட்டு நாற்காலியிலேயே அந்த மனிதர் விருந்தாளி மாதிரி நுனியில்தான் உட்கார்ந்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

திடீரென்று தொடையில் தட்டினார். "சாதா பஸ்ல போனா என்ன? அதுக்குத்தான் முன்பதிவே கிடையாதே! மொத ஆளா ஏறினா வேணுங்கற சீட்டு. எந்த ஊர்ல மாறணும், எந்த பஸ் எப்ப வரும், எனக்குத் தெரியாததா?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்!

"அப்பா, அது ஒவ்வொரு ஊரா நின்னு நின்னு போகும். போய்ச் சேரவே சாயங்காலம் ஆயிடும். அரண்மனைய மூடிடுவாங்க!" என்று மகள் அலறினாள்.

"அரண்மனை எங்கயும் ஓடிடாது. மறுநாள் பாப்போம்."

உள்ளே அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போய் எட்டிப் பார்த்தேன். துணியெல்லாம் மறுபடி பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

முன்பதிவை ரத்து செய்தோம். கிளம்புகிற நாள் காலையில், பஸ் நிலையத்தில் முதல் ஆளாக ஏறினோம். அக்கா ஜன்னலோரம், மாமா பக்கத்தில். நான் வேண்டுமென்றே நேர் பின்சீட்டில் உட்கார்ந்தேன். மனுஷர் எழுந்தால் சட்டையைப் பிடித்து இழுப்பதாக உத்தேசம். பஸ் கிளம்பும் முன்பே ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது நிறுத்தத்தில் கூட்டம் அப்பியது. கண்டக்டர் குண்டு ஆள், பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. படியில் தொங்குகிறவர்களைப் பார்த்து மாமாவின் கழுத்து நீண்டது. "உள்ள..." என்று ஆரம்பித்து விழுங்கினார். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பாதி எழுந்தேவிட்டார். நான் கையை நீட்டினேன். அக்கா இழுக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள் மட்டும் விறைத்திருந்தது.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். இந்த முறை நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தார்.

குண்டுக் கண்டக்டர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். எங்கள் நாலு பேருக்கும் அக்காவுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, உங்களுக்கு எதுக்கு டிக்கெட்? நீங்க ஸ்டாஃபு!"

"இன்னிக்கு நான் ஸ்டாஃப் இல்லப்பா" என்றார் மாமா. "இவ வீட்டுக்காரன். கிழி ஒண்ணு."

திட்டுவதற்காகவே பின்னால் உட்கார்ந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா தலையைத் திருப்பினாள். அவள் முகத்தைப் பக்கவாட்டில்தான் பார்க்க முடிந்தது. அவ்வளவு அழகாக அவள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

"இன்னும் ரொம்ப தூரமாங்க?" என்று கேட்டாள்.

"ரொம்ப தூரம். நாலு பஸ் மாறணும்."

"மாறலாம்" என்றாள் அக்கா. "என்ன அவசரம்?"