640 KB-யும் குப்தாஜியின் வெல்கம் ஸ்கிரீனும்

டெல்லி நேரு பிளேஸ்... கூலர்ல நனைஞ்ச வெட்டிவேர் வாசனை. இன்னும் மூக்குலயே இருக்கு.

என்னோட முதல் வேலை அங்கதான். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ்லேர்ந்து ரெண்டு பஸ் மாறிப் போவேன். ஓனர் குப்தாஜி, புரோகிராம் எழுத நான் ஒருத்தி. அவ்வளவுதான் கம்பெனி.

ஒரு நர்சிங் ஹோமுக்கு பேஷன்ட் ரிஜிஸ்டர் எழுதியிருந்தேன். மறுநாள் காலைல டெமோ. ஆர்டர் கிடைச்சா நான் பெர்மனென்ட். கிடைக்கலேன்னா... அதை குப்தாஜி சொல்லல, எனக்கே புரிஞ்சது.

ஓட்டிப் பார்த்தா, மெமரி பத்தாதுன்னு ஒரு வரி காட்டிட்டு நின்னுடுச்சு.

மெஷின்ல ஒரு MB இருந்தாலும் அன்னிக்கு இருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் DOS, புரோகிராமுக்கு விட்டுக்கொடுத்தது 640 KB தான். அதுலயும் DOS-க்கே ஒரு பங்கு வேணும்! அதனால புரோகிராமைத் துண்டு போடுவோம். ஓவர்லேன்னு பேரு. என்ட்ரி ஒரு துண்டு, ரிப்போர்ட் ஒரு துண்டு. எது வேணுமோ அது டிஸ்க்லேர்ந்து உள்ள வரும், மத்தது இடத்தைக் காலி பண்ணும். எங்க குவார்ட்டர்ஸ்லயும் அப்படித்தான், கட்டிலை மடக்கினாதான் மேஜை போடலாம்.

அப்படியே துண்டு போட்டேன். ஓடிச்சு. ரிப்போர்ட்ல கை வச்சேன்... ஹேங்!

தலையைப் பிச்சுக்கிட்டப்புறம்தான் என் முட்டாள்தனம் தெரிஞ்சது. தேதி சரிபார்க்கற வேலையை என்ட்ரி துண்டுக்குள்ள வச்சிருந்தேன். ரிப்போர்ட் தேதி கேட்டா என்ட்ரி உள்ள வருது, ரிப்போர்ட் வெளியே போயிடுது. பதிலை வாங்கிக்க ஆளே இல்ல.

அந்தத் தேதி வேலையை எப்பவும் மெமரியிலேயே இருக்கற மெயின் பகுதிக்கு மாத்தினேன். மறுபடியும் இடம் பத்தல. கொஞ்சூண்டுதான்.

அந்த மெயின் பகுதியில தூக்கக்கூடியது ஒண்ணே ஒண்ணு. குப்தாஜி ஆசை ஆசையா கேட்டு வாங்கின வெல்கம் ஸ்கிரீன். திரை முழுக்க அவர் பேர் கலர் கலரா ஆடி வரும்.

தூக்கிட்டேன். அவரைக் கேக்கவும் இல்ல.

டெமோல டாக்டரம்மா ரிப்போர்ட் கேட்டாங்க, டக்குனு வந்தது. குப்தாஜி மட்டும் திரையையே பார்த்துக்கிட்டு, "என் பேர் எங்க போச்சு, பேட்டா?"ன்னார் இந்தியில.

"ரிப்போர்ட்டுக்கு இடம் பத்தல சார். உங்களைத்தான் வெளியே அனுப்ப வேண்டியதாப் போச்சு."

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "பஹுத் அச்சா!" ஆர்டர் கிடைச்சது. நானும் பெர்மனென்ட்.

இப்போ என் லேப்டாப்ல 16 GB. கொஞ்சம் திணறினாலும், "இன்னொரு RAM போட்டுக்கோம்மா"ங்கறா பொண்ணு. சுகம்தான், குறை சொல்லல. ஆனா எந்த சாஃப்ட்வேரைத் திறந்தாலும் முதல்ல கம்பெனி பேர் ஆடிக்கிட்டே வருது பாருங்க...

என் விரல் இன்னும் டெலீட் கீயைத்தான் தேடுது.