ஜால்ராக்காரனுக்கு ஒரு மூக்கு

மூக்குக்காரிக்கு அந்தப் பேர் வந்தது அவள் மூக்கால் அல்ல, அவள் வெட்டுகிற மூக்குகளால். நிழல் பொம்மைக்கு முகம் பக்கவாட்டில்தான். ஒரே கண், ஒரே காது. ஆள் யாரென்று சொல்வது மூக்குதான். தோலை ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவிட்டு, உளியை வைத்து அவள் தட்ட ஆரம்பித்தால் கஞ்சனும் வருவான், கோழையும் வருவான். ஐம்பத்திரண்டு வயதாகிறது, அந்தத் தோல் நாற்றம் ஒருநாளும் அவளுக்குக் குமட்டியதில்லை. குமட்டியதெல்லாம் அண்ணன்காரனைப் பார்த்துத்தான்.

குழு அவன் பேரில் இருந்தது. வெட்டுவது, ஆட்டுவது, எல்லாக் குரலும் பேசுவது இவள். பெரிய மனிதர்கள் வந்தால் முதுகை வளைப்பது அவன். மேயரின் உதவியாளர் தும்மினால்கூட, "என்ன அழகா தும்முறீங்க" என்று சொல்லக்கூடிய பிறவி. சீ, மனுஷனென்றால் உடம்பில் ஒரு எலும்பாவது நிமிர்ந்து நிற்க வேண்டாமா?

இந்த லட்சணத்தில்தான் கல்லூரி வாத்தியார் ஒருவர், பழைய கிரேக்கக் கோமாளி நாடகம் ஒன்றைப் பேச்சு மொழியில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். சண்டைக்கே போகாத ஒரு தளபதி, ஜெயித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் பீற்றுகிறான். அவன் பின்னாலேயே ஒரு ஜால்ராக்காரன். தளபதி குசு விட்டால் ரோஜா வாசம் என்பான். இந்த ஜால்ராக்காரனுக்குப் பின்னால் இருபத்துநாலு ஈக்கள் பாடிக்கொண்டே வரும்.

"அந்தக் காலத்துல முகமூடி மாட்டி, வயித்துல பஞ்சு கட்டிக்கிட்டு ஆடுவாங்கம்மா. ஊர்ப் பெரியவங்களை முன்வரிசைல உட்கார வெச்சே கிழிகிழின்னு கிழிப்பாங்க," என்றார் வாத்தியார்.

"முன்வரிசைலயா?"

"முன்வரிசைலதான்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே மூக்குக்காரி வேலையை ஏற்றுக்கொண்டாள். பஞ்சு வயிற்றுக்குப் பதிலாகத் தளபதிக்குத் தனித்தோலில் ஒரு தொப்பையை வெட்டி நூலில் கோத்தாள். அவன் நடந்தால் தொப்பை தனியாகக் குலுங்கியது. இருபத்துநாலு ஈக்களையும் ஒரே தோலில் வெட்டி ஒரே குச்சியில் மாட்டினாள். பேச்சைப் பாதியாக்கி, "நிழல் இவ்வளவு வளவளன்னு பேசாதுங்க," என்றாள். வாத்தியார் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

ஜால்ராக்காரன் மட்டும் மூன்று தோல் பாழாகியும் வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் மேயரின் உதவியாளர் பட்டறைக்கு வந்தார். விளக்குக்கு எதிரே நின்று அண்ணன்காரன் குனிந்தான். சுவரில் நிழல் விழுந்தது. வளைந்த முதுகு, கூப்பிய கை, எங்கே எச்சில் கிடக்கிறதென்று மோப்பம் பிடிக்கிற மூக்கு. அவர்களுக்குப் பின்னால் இருந்த மூக்குக்காரி கரித்துண்டை எடுத்துச் சுவரிலேயே அதைச் சுற்றி வரைந்தாள். அவசரமே படவில்லை, அவ்வளவு நேரம் குனிந்திருந்தான்.

வெட்டி முடித்த பொம்மையை அண்ணியிடம் காட்டினாள். "இது உங்க அண்ணன்தானே?" என்று அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன்காரனுக்கோ பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"இது அந்த உதவியாளர் மூக்கு மாதிரியே இருக்கே. நாடகத்துக்கு மேயரோட அவரும் வர்றார். என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதே."

"அது அவர் மூக்கு இல்லண்ணே."

"பின்னே யார் மூக்கு?"

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு உறைக்கவில்லை.

நாடகத்தன்று மத்தியானம், அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து உளியை எடுத்து மூக்கை வழித்துவிட்டான். தோலில் போனது போனதுதான். ஒட்டினால் அந்த ஒட்டு வெளிச்சத்தில் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும். பொம்மையின் முகம் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. இனி அவன் ஜால்ராக்காரன் இல்லை, யாருமே இல்லை. அவன் இல்லாமல் இந்த நாடகத்தில் என்ன இருக்கிறது? தின்ற சோற்றையெல்லாம் கொல்லையில் கக்கிவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

இந்தத் தொழிலில் விளக்கு தலைக்கு மேலே தொங்கும், ஆட்டுகிறவர் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் நிழல் திரையில் விழுந்தால் அதைவிட மானக்கேடு கிடையாது. முப்பது வருஷத்தில் அவளுடைய சுண்டுவிரல்கூட விழுந்ததில்லை.

தளபதியின் தொப்பைக்குக் கூட்டம் நன்றாகவே சிரித்தது. மூக்கில்லாதவன் வந்ததும் கப்சிப். முன்வரிசையில் மேயர் கொட்டாவி விட்டார். ரோஜா வாசக் காட்சி நெருங்கும்போது அண்ணன்காரன் குனிந்தபடியே திரைக்குப் பின்னால் ஓடிவந்து, அவள் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினான்.

"அந்தக் காட்சி வேண்டாம்மா. மேயர் முகமே சரியில்ல. உன் கால்ல வேணா விழறேன்," என்று கிசுகிசுத்தான்.

மூக்குக்காரி பொம்மையை மடியில் போட்டாள். விளக்குக் கயிற்றைத் தளர்த்தி இரண்டு சாண் இறக்கினாள். முதுகு, கை, மூக்கு என்று அண்ணன்காரன் முழுசாகத் திரையில் வந்தான். அவன் தலைக்குப் பின்னால் ஈக்களை ஆட்டிக்கொண்டே, ஜால்ராக்காரன் குரலில், "அடடா, என்ன ரோஜா வாசம்," என்றாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாச் சிரிப்புக்கும் மேலே மேயரின் சிரிப்பு கேட்டது. அதைக் கேட்ட அண்ணன்காரனுக்குத் திரையைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

"பார்த்தியா, மூக்கை எடுத்ததும் எப்படி ரசிக்கிறாங்க," என்றான், கூப்பிய கையை இறக்காமல்.

நாடகம் முடிந்ததும் மேயரே உதவியாளரோடு பின்னால் வந்துவிட்டார்.

"அந்தக் கும்பிடு போடுற பொம்மை பிரமாதம். யார் செஞ்சது?"

"நான்தாங்க," என்றான் அண்ணன்காரன். கண் இமைக்கவில்லை, தங்கச்சி பக்கம் ஒரு பார்வைகூட இல்லை. "என் கையாலயே வெட்டினதுங்க."

"எடுங்களேன், பக்கத்துல பார்ப்போம்."

அவன் அவளிடம் கையை நீட்டினான். அவள் மூக்கில்லாத பொம்மையை மடித்துப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"உங்க முன்னாடிதாங்க நிக்குது. நான் விளக்கை மட்டும்தான் இறக்கினேன்," என்றாள்.

மேயர் அண்ணன்காரனை மேலும் கீழும் பார்த்தார். வளைந்த முதுகையும் மூக்கையும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார், தொப்பை குலுங்கச் சிரித்தார். மேயர் சிரிக்கிறாரே என்று அண்ணன்காரனும் கூடவே சிரித்தான்.