சக்கரத்தில் ஒட்டிய கிருமி

வேற்றுக் கிரகத்துக்குப் போகும் ஊர்திகளைக் கிருமியில்லாமல் துடைப்பதுதான் பதினெட்டு வருடமாக அவள் வேலை. கண் மட்டும் தெரியும் வெள்ளை அங்கிக்குள் மூக்கு அரித்தாலும் சொரிய முடியாது. "துடைக்கிறதுக்கு இவ்வளவு பவுசா?" என்பாள் நாத்தனார்.

அன்று ஆய்வக மேடம் அவளை அழைத்து, உறைபெட்டியிலிருந்த சின்னக் குப்பியொன்றைக் காட்டினார். ஊர்தியின் சக்கரத்தில் அகப்பட்ட கிருமியாம். எல்லாருடைய தோலையும் சோதித்ததில், அது அவளுடையது.

"வேலை போயிடுமா மேடம்?"

"சேச்சே. சக்கரத்தை மறுபடி சுத்தம் பண்ணியாச்சு. இதைப் பத்திரமா வெச்சிருப்போம். அங்க ஏதாவது உயிர் கிடைச்சா, முதல்ல இதோடதான் ஒப்பிட்டுப் பார்ப்போம்."

மாலையில் வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதில் பேருந்தைக் கோட்டைவிட்டாள். அங்கே எந்த உயிர் இருந்தாலும், அவளுடையதல்ல என்று நிரூபித்துவிட்டுத்தான் உலகத்துக்கு முகம் காட்ட முடியும்.