உறுமியை நிறுத்திய முருகேசன்

முருகேசன் போய்விட்டான்.

இன்று காலை, பத்து காஜா நகரில்... நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்களாம். திரும்பவில்லை.

அவன் மனைவி கலாதான் அழைத்தார். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே" என்று அழுதார்.

நண்பர்களே, உங்களில் பலர் இவனை அறியமாட்டீர்கள். லாரி நிறுவனமொன்றில் வண்டிகளை வழியனுப்பும் வேலை. ஊர் ஊராய் மேடையேறி நான் பேசும் கூட்டங்களுக்குத் தவறாமல் வருவான். கடைசி வரிசையில் அமர்வான். முடிந்ததும் தோளில் கைபோட்டு, "மச்சான், நீ மூச்சு வாங்குன எடம் ரொம்ப நல்லா இருந்துச்சுலா" என்பான்.

என்னை இப்படிச் சொல்லும் துணிவு அவன் ஒருவனுக்கே இருந்தது.

நாங்கள் ஈப்போவில் ஒரே கல்லூரி, ஒரே கூடைப்பந்து அணி. நான் வலப்பக்கம் ஓடினால் அவன் இடப்பக்கம் ஓடுவான். பந்து எனக்கு வருமுன்னே அவன் குரல் வரும்.

இறுதியாண்டு. இறுதியாட்டம். எதிரே பாரிட் புந்தார் அணி... எங்கள் கல்லூரிக் காலம் முழுவதும் நாங்கள் ஒருமுறைகூட வென்றிராத அணி. அன்று விட்டால் எங்களுக்கு அடுத்த ஆண்டு என்பது இல்லை.

அரையிறுதியில் முருகேசனுக்கு முழங்கால் பிசகிவிட்டது. எங்களுள் அந்தக் கோப்பைக்காக அதிகம் ஏங்கியவன் அவனே. அவனுக்கே ஆட இடமில்லை.

அழுவான் என்று நினைத்தோம். நொண்டிக்கொண்டே, தன் குடும்பம் வாழ்ந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் உறுமியைத் தூக்கிக்கொண்டு வந்து பார்வையாளர் பக்கம் அமர்ந்துவிட்டான்.

"கால்தான்டா போச்சு. கை இருக்குலா!"

அந்நாளில் ஒரு வழக்கம். எதிரணிக்காரன் ஃப்ரீ த்ரோ எறிய நிற்கும்போது, குறுக்கே கை நீட்ட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் சத்தம் போடலாம். அவர்கள் ஊரில் அவர்கள் தகர டின்னைத் தட்டுவார்கள். எங்கள் ஊரில் உறுமி. வளைந்த குச்சி தோலில் இழுபடும்போது எழும் அந்த ஓசைக்கு எறிபவன் கவனம் சிதறும். அன்று மாலை முழுவதும் முருகேசன் அப்படித்தான் அதிரவைத்தான்.

ஆட்ட நேரம் முடிந்தது. நாங்கள் ஒரு புள்ளி முன்னிலை. ஆனால் கடைசி நொடியில் எங்களவன் ஒருவன் கை அவர்கள் ஆட்டக்காரன்மீது பட்டுவிட்டது... அவர்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

ஒன்று விழுந்தால் சமன். இரண்டும் விழுந்தால் கோப்பை அவர்களுக்கு.

எறிய வந்தவர் பூன் ஹுவாட். அவ்வணியின் தலைவர். குறி தவறாத கை.

எங்கள் தலைவன் ரவி முருகேசனைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்: "அடிடா! என்னடா வேடிக்கை பாக்குற, அடிடா!"

முருகேசன் அடிக்கவில்லை. தோலின்மீது உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டான். மறுகையை உயர்த்திக் கூட்டத்தையும் அமர்த்தினான்.

மண்டபம் அடங்கியது. மின்விசிறி சுழலும் ஓசை கேட்டது.

"இவன் எந்த டீமுடா?" என்று எவனோ பின்னாலிருந்து சீறினான். உண்மையைச் சொன்னால், என் நெஞ்சிலும் அதே கேள்வி.

முதல் எறிவு... வளையத்தில் பட்டுத் தெறித்தது.

இரண்டாவது... வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, வெளியே விழுந்தது.

ஒரு புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் வென்றோம்!

ரவி ஓடிப்போய் அவனைத் தூக்கினான். "பாவி, பந்து உள்ள போயிருந்தா இந்நேரம் உன்ன கிந்தா ஆத்துல வீசியிருப்போம்டா!"

"வீசுங்கடா, முட்டிய மட்டும் பாத்து வீசுங்க."

பூன் ஹுவாட் வந்து எங்களுக்குக் கைகொடுத்தார். "சத்தம் எனக்குப் பழக்கம். அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை" என்று மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தார். அன்று தொடங்கிய நட்பு இன்றளவும் இருக்கிறது.

முருகேசன் திட்டமிட்டுத்தான் நிறுத்தினான், அது அவன் சூழ்ச்சி என்றே நாங்கள் ஊரெல்லாம் பெருமை பேசினோம். கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை. "கை வலிச்சுச்சு மச்சான்." "குச்சி கீழ விழுந்துருச்சு." "பசி, அடிக்க முடியல."

கடந்த தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்திருந்தான். முறுக்கைக் கடித்துக்கொண்டே, நான் கேளாமலே சொன்னான்.

"பூன் ஹுவாட்டோட அம்மா எனக்கு நேரெதிர உட்கார்ந்திருந்தாங்கலா. கண்ண மூடி, ரெண்டு கையும் சேத்து வேண்டிக்கிட்டு இருந்தாங்க. உதடு மட்டும் அசையுது. அத பாத்துக்கிட்டே எப்படிடா அடிக்கிறது?"

"அப்போ, பந்து உள்ளே போயிருந்தால்?"

"போயிருக்கும்." இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டான். "ரவிகிட்ட சொல்லிறாத. அவன் இப்பவும் வீசுவான்."

சொல்லவில்லை. எவரிடமும் சொல்லவில்லை. ரவி, இதை நீ படிப்பாய். இனி உன்னால் என்ன செய்ய முடியும்...

இன்று பிற்பகல் பூன் ஹுவாட்டை அழைத்துச் செய்தி சொன்னேன். அவருக்கும் இதுநாள்வரை தெரியாத அந்தக் காரணத்தையும் சொன்னேன்.

வண்டியில் இருந்தார் போலும், ஓரமாய் நிறுத்தும் ஓசை கேட்டது.

பிறகு, "நாளை எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? அம்மாவையும் அழைத்து வருகிறேன்" என்றார்.

காலை பத்து மணிக்கு, குனோங் ராபாட்டில், அவன் வீட்டிலிருந்து. வர இயன்றவர்கள் வாருங்கள்.

மச்சான்... அந்தத் தாய்க்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லிவிட்டேன்.

போய் வா.