ஐஸ் பெட்டியில் மூன்று பேரன்கள்

போன வாரம் திருமலைக்குப் போயிருந்தேன். என் தங்கை மகள் கவிதாவின் குழந்தைக்கு மொட்டை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி இறக்க வேண்டுமாம். கவிதாவுக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் அந்தப் பதவி எனக்கு. ஒன்பது மாதப் பெண் குழந்தை அழுத அழுகையில் என் வேட்டி நனைந்தது. ஆனாலும் சந்தோஷம்தான். எட்டு வருடம் காத்திருந்து, டெஸ்ட் டியூப் சிகிச்சையில் பிறந்தவள் அல்லவா?

கீழே இறங்கியதும், திருப்பதியில் சிகிச்சை எடுத்த மருத்துவமனைக்கு ஒரு எட்டு போனோம். அங்கே ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். சிகிச்சையில் உருவான கருக்களில் மூன்று மிச்சம், உறைய வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து வைத்திருப்பதா, அழித்துவிடுவதா, ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா? ஒன்றில் டிக் அடித்து, கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும்.

கவிதா, ஆராய்ச்சிக்கு என்றாள். அவள் பிரசவத்தில் பிழைத்ததே பெரிது. இன்னொரு முறை வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

கணவன் முரளி பெங்களூரில் சாஃப்ட்வேர். இருபது பேருக்கு டீம் லீடர். பேனாவைத் திறந்தான்... கூட வந்திருந்த அம்மாவைப் பார்த்தான்... மூடினான். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

குடிபாலா என்ற சின்ன ஊரில் முரளியின் அம்மா வீடு. உள்ளே நுழைந்ததுமே அந்த அம்மா, ராஜம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஆரம்பித்தார்.

"மூணும் உயிருண்ணா. ஐஸ் பெட்டில குளிர்ல கெடந்துக்கினு இருக்குது. பேரு கூட வெச்சிட்டேன். பாலாஜி, சீனிவாசன், கோவிந்தன். அதுங்கள அறுத்துப் பாக்கறதுக்கா குடுக்கறது?"

மூன்று பேருக்கும் மொட்டை போடுவதாக மலையிலேயே வேண்டிக்கொண்டும் வந்துவிட்டாராம்.

நான் சும்மா இருப்பேனா? வாரா வாரம் பத்திரிகையில் ஊருக்கு உபதேசம் செய்கிறவன் ஆயிற்றே! உயிர் எப்போது தொடங்குகிறது என்று மேல்நாட்டில் விஞ்ஞானிகளும் மதத்தலைவர்களும் அடித்துக்கொள்வதை இருபது நிமிடம் விளக்கினேன். முரளி தலையாட்டினான். ராஜம்மா காபி போட எழுந்து போனார். என் உரையின் பலன் அவ்வளவுதான்.

உள்ளுக்குள் எனக்குப் பயம். ராஜம்மா பிடித்த பிடியில் நின்றால், முரளி 'தொடர்ந்து வைத்திருக்கவும்' என்பதில் டிக் அடிப்பான். அடுத்த வருடம் கவிதா மறுபடியும் அந்தக் கட்டிலில் படுக்க வேண்டும். அந்த ஊசிகளை ராஜம்மாவா போட்டுக்கொள்ளப் போகிறார்?

குழந்தையின் மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள் கவிதா. காபியோடு மாமியார் வந்ததும் நிமிராமலே கேட்டாள்.

"அத்த, மூணும் பொண்ணுன்னு டாக்டரு சொல்லிட்டா... அப்பவும் நான் பெத்துக்கணுமா?"

டாக்டர் அப்படிச் சொல்லக் கூடாது, சட்டம் விடாது. ஆனால் அந்தச் சட்டம் அங்கே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ராஜம்மா டம்ளர்களைக் கீழே வைத்தார். குழந்தையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"ஆராய்ச்சின்னா... நாலு பேரு நோவு தீரும் இல்ல? சரே, குடுத்துடுங்க."

முரளியின் பேனா உடனே திறந்துகொண்டது. கவிதாவும் கையெழுத்துப் போட்டாள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உலகமே மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்விக்குக் குடிபாலாவில் ஐந்தே நிமிடத்தில் விடை கிடைத்துவிட்டது. உயிர் எப்போது தொடங்குகிறது? ஆண் என்றால் ஐஸ் பெட்டியிலேயே. பெண் என்றால்... பிறந்து ஒன்பது மாதம் ஆகியும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.